பின்னால் வைத்த விளக்கு

குளியலறைக் கண்ணாடியில் பார்த்தால் முகம் நன்றாகத்தான் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய மாநிற முகம். கண்ணுக்குக் கீழே லேசான கருமை. அது இளம் வயதிலிருந்தே கூட வருவது. அதே முகத்தைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து போனில் பார்த்தால், பச்சையும் மஞ்சளும் கலந்து, பழைய சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம் மாதிரி இருந்தது. எழுந்து போய்க் கண்ணாடியைப் பார்ப்பாள்: நன்றாக இருக்கும். திரும்பி வந்து போனைப் பார்ப்பாள்: உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய முகம்.

போனின் கேமராவைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். டியூப்லைட்டை மாற்றிப் பார்த்தாள். போன் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அங்கே முகம் ஒழுங்காகத் தெரிந்தது.

"போன்ல ஒரு கோளாறும் இல்லக்கா. வீட்டுக்குப் போனதும் நீங்கதான் சீக்காளி ஆயிடுறீங்க போல" என்று கடைக்காரன் சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நிறம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பீங்கானில் பல் செய்யும் லேபில் அவள் வேலை. அதிலும் நிறம் கூட்டுகிற வேலை. அதனால் லேபில் எல்லோருக்கும் அவள் "பல்லக்கா". தம்பி இந்தப் பெயரைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, "பல்லக்கா, பல்லக்குல வர்றீங்களா, பஸ்ல வர்றீங்களா?" என்று கேட்டுக் கேட்டுத் தேய்ந்து போன நகைச்சுவை ஒன்று உண்டு.

பல் வெள்ளை என்று நினைப்பவர்கள் பல்லைச் சரியாகப் பார்க்காதவர்கள். நுனியில் அது கண்ணாடி மாதிரி, கொஞ்சம் நீலம் ஓடும். ஈறை நெருங்க நெருங்க மஞ்சள் ஏறும். முன்பல்லைவிடக் கோரைப்பல் ஒரு படி கருத்திருக்கும். ஒருவருடைய பல் இன்னொருவருக்குப் பொருந்தாது. இதைப் பிடிப்பதற்குச் சீப்பு மாதிரி வரிசையாகக் கோத்த மாதிரிப் பற்கள் இருக்கும். ஒவ்வொன்றாக வாயருகே வைத்துப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம். உதட்டுச் சாயம் இருந்தால் துடைத்துவிட்டு, பளிச்சென்ற சட்டை போட்டிருந்தால் கழுத்து வரை சாம்பல் நிறத் துணியைப் போர்த்திவிட்டு. ஏனென்றால் கண் ஒரு சோம்பேறி. ஒரே நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தால் அலுத்துப்போய், அந்த நிறத்தைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்க்கும். அதனால் சில நொடி பல்லைப் பார்த்ததும் உடனே சாம்பல் துணியைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்ள வேண்டும். எத்தனையோ வருடமாகக் கண்ணைக் கழுவிக் கழுவி வேலை பார்த்தவள். அவளுக்குத் தன் முகத்தின் நிறமே பிடிபடவில்லை.

சரி, முகம் எப்படியோ போகட்டும் என்று விட்டிருப்பாள். தம்பி விடவில்லை.

அவன் தொலைதூர பஸ் ஓட்டுகிறவன். ஒரு ராத்திரிப் பயணம் போக வேண்டிய தூரத்தில், மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு இருக்கிறான். அம்மா இருந்த வரைக்கும் அம்மாவுக்காகக் கூப்பிடுவான். அம்மா போன பிறகு போன் மெல்ல மெல்லக் குறைந்தது. சண்டை ஒன்றுமில்லை. அவனுக்கு வண்டி, குழந்தைகள், தூக்கம். இவளுக்குப் பல். 'நல்லாருக்கியா, நல்லாருக்கேன்' என்பதற்கு மேல் பேச என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டு, நினைத்ததைச் சொல்லாமல் இருந்தார்கள்.

அப்படியிருக்கும்போதுதான், இந்த ஊர்ப் பக்கம் வந்த இன்னொரு டிரைவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினான். உள்ளே ஒரு விளக்கு. ஒரு சின்னத் தண்ணீர்க் குடுவை உயரம், பால் நிறம், தலையில் ஒரு பிடி. சார்ஜ் போட்டுவிட்டால் கம்பியில்லாமல் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். போனில் ஒரு வட்டம் தெரியும். அதில் விரல் வைத்த இடத்து நிறம் விளக்கில் வரும். கடல் நிறம், அந்தி நிறம், நெருப்பு மாதிரி நடுங்குகிற நிறம் என்று பட்டியலே இருந்தது.

"எதுக்குடா இது? டார்ச் இருக்கே வீட்டுல" என்றாள் அன்றைக்கு வீடியோ காலில்.

"டார்ச்சாம். அக்கா, இது மனசுக்கு. சோர்வா இருந்தா நிறத்த மாத்திக்கலாமாம்."

"மனசுக்கு ஸ்விட்ச் வெச்சிருக்கானா? பரவாயில்லையே."

"கிண்டல் பண்ணு. எங்க டிப்போ கடையில வாங்க ஆள் வரிசை கட்டி நிக்குது."

தம்பியின் இளைய மகள், அவளுடைய சின்ன மருமகள், அவன் பின்னாலிருந்து எம்பி, "அத்தை, ரோஸ் வைங்க! ரோஸ்தான் நல்லாருக்கும்!" என்று கத்தினாள். அத்தை ரோஸ் வைத்தாள். தனக்குப் பின்னால் உள்ள அலமாரி மேல், அவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். சுவர் முழுக்க ரோஸ் பரவியது. அன்றிலிருந்து விளக்குக்கு அதுவே இடம், அதுவே நிறம்.

வாங்கத் தகுந்த பொருள்தானா என்று லேபில் கூட வேலை பார்க்கும் மெழுகு கேட்டான். மெழுகில் பல் வடிப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அந்த வெளிச்சம் படிக்கப் போதாது, சமைக்கப் போதாது, தையல் ஊசி கோக்கப் போதாது. ஆனால் அவள் சொல்லாமல் விட்ட ஒன்று இருந்தது. தனியாக இருப்பவர் வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு அறையில்தான் விளக்கு எரியும். ஆள் சமையலறைக்குப் போனால் வெளிச்சமும் போகும், கூடம் இருண்டுவிடும். அதை அவள் இத்தனை வருடம் கவனித்ததில்லை. இப்போது, பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பும்போது கூடத்தில் வெளிச்சம் இருந்தது. யாரோ உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருப்பது போல. யாருமில்லை என்று தெரியும். ஆனாலும் நடை ஒரு கணம் வேகம் பிடித்துவிட்டு அப்புறம்தான் தளரும்.

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்து வரும்போது தெருமுனையில் நின்று, அங்கிருந்தே போனைத் தட்டி விளக்கைப் போட முடியும். மூன்றாவது மாடியில், அதுவரை இருட்டாக இருந்த ஒரே ஜன்னல் ரோஸாக மலரும். தானே போட்டுவிட்டு, தனக்காக யாரோ போட்டது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே படியேறுவாள். இதை மெழுகிடம் சொன்னால், "வயசாயிடுச்சுக்கா உங்களுக்கு" என்பான். அதனால், "உனக்கு எதுக்குன்னு தெரிஞ்சா வாங்கு, தெரியலைன்னா வாங்காதே" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

விளக்கு வந்த பிறகு அடுத்த முறை தம்பி கூப்பிட்டபோதுதான் அது ஆரம்பித்தது.

"அக்கா, என்ன மூஞ்சி இப்படி இருக்கு?"

"எப்பவும் இருக்கிற மூஞ்சிதான்."

"இல்ல. பேயறைஞ்ச மாதிரி இருக்கு. சாப்பிட்டியா? காய்ச்சலா?"

மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். வண்டி எடுப்பதற்கு முன் டிப்போவில் டீ குடிக்கிற நேரம், சாயங்காலம். "கண்ணைக் கிட்டக் காட்டு. நாக்கை நீட்டு." டிரைவர் டாக்டராகி விட்டான். ஓய்வு நாளில் வீட்டிலிருந்து கூப்பிட்டபோது அவன் மனைவி எட்டிப் பார்த்து, "அண்ணி, இவருக்கு வேற வேலையில்ல. காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

அம்மாவுக்குக் காமாலைதான் வந்தது. அப்போது அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். தினமும் பார்க்கிற முகம். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளேறியது யார் கண்ணிலும் படவில்லை. கண் சோம்பேறி என்று அக்காவுக்குத் தெரியும்; அவன் தன்னைத்தான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டான். இப்போது போனில் மஞ்சளாக ஒரு முகத்தைப் பார்த்ததும் அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

அவன் சமாதானத்துக்காக இரத்தப் பரிசோதனை செய்துகொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. அவன் நம்பவில்லை. "லேப்ல தப்புப் பண்ணுவாங்க" என்றான்.

"நானும் லேப்லதான்டா வேலை பாக்கறேன்."

"அது பல் லேப். அக்கா, பேசாம கெளம்பி இங்க வந்துடு. வேலைய விட்டுடு. ஞாயித்துக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன். லீவு சொல்லியாச்சு."

"என்னைக் கேக்காமலா?"

"உன்னைக் கேட்டா நீ வருவியா?"

வேலையை விட்டு, இந்த வீட்டைக் காலி செய்து, தம்பி வீட்டின் ஓர் ஓரத்தில் நோயாளியாகப் போய் உட்கார அவளுக்கு மனமில்லை. அவளுக்கு நோயுமில்லை. ஆனால் இல்லை என்று காட்ட வழியும் தெரியவில்லை.

வழி லேபுக்கே வந்து சேர்ந்தது, ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில்.

ஒரு கிளினிக்குக்குச் செய்து அனுப்பிய கேப், முன்பல் மேல் உறை மாதிரி மாட்டுகிற பீங்கான் பல், திரும்பி வந்திருந்தது. மஞ்சள் அதிகமாம். பக்கத்துப் பல்லோடு ஒட்டவே இல்லையாம். அவள் கை வேலை திரும்பி வருவது அபூர்வம். முதலாளி ஒன்றும் சொல்லாமல் டப்பாவை அவள் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்தார். திட்டியிருந்தால் தேவலாம்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். கேப் மேல தப்பிருக்காதுக்கா, அந்தாளு பல்லு மேலதான் தப்பு" என்றான் மெழுகு.

"வாயை மூடிட்டு மெழுகை உருக்கு."

கிளினிக்கிலிருந்து வந்த போட்டோவைத் திரையில் திறந்தாள். நோயாளி ஊருக்கு அவசரமாகப் போவதால் நேரில் வரவில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் நிறம் கூட்டியிருந்தாள். போட்டோவில் பல் மஞ்சள்தான். அவள் செய்ததும் அதே மஞ்சள்தான். அப்புறம் பல்லை விட்டுவிட்டு ஈறைப் பார்த்தாள். ஈறு செம்மையாக இல்லை. பழுப்பாக, உயிரில்லாமல், கொஞ்சம் பச்சையோடியிருந்தது. உயிருள்ள மனிதனுக்கு அப்படி ஈறு இருக்காது. பல்லோடு சேர்த்து ஒரு மாதிரிப் பல்லையும் பிடித்து எடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவள் கையில் இருக்கும் அதே மாதிரிப் பல் போட்டோவில் வேறு நிறமாக நின்று காட்டிக் கொடுத்திருக்கும். அதை வைக்க மறந்திருக்கிறார்கள். கேட்காமல் விட்டது அவள் தப்பு. ஆனால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

பச்சையையும் மஞ்சளையும் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, இந்த நிறத்தை வேறெங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. எங்கே என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தினமும் சாயங்காலம் பார்க்கிறாள்.

நோயாளியின் காதுக்குப் பின்னால் தெரிந்த சுவரைப் பார்த்தாள். கிளினிக்குக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா, உங்க ரூம்ல புதுசா எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் மாத்தலையே மேடம்" என்றாள் அங்கே இருந்த பெண். "அதே நாற்காலி, அதே லைட்டு... ஆ, பின்னால ஒரு சின்ன விளக்கு வெச்சிருக்கோம். பேஷண்ட் பயப்படாம இருக்கணும்னு டாக்டர் வாங்கினாரு. கலர் கலரா மாறும். அழகா இருக்கும் மேடம்."

"இப்ப என்ன கலர்?"

"ரோஸ்."

அன்றைக்குச் சாயங்காலம் செருப்பைக் கூடச் சரியாகக் கழற்றாமல் மேசையில் உட்கார்ந்தாள். லேபிலிருந்து ஒரு மாதிரிப் பல்லைக் கையோடு கொண்டு வந்திருந்தாள். தம்பியோடு பேசும் அதே இடம், அதே போன், முன்னால் டியூப்லைட், பின்னால் ரோஸ் விளக்கு. மாதிரிப் பல்லைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் போனைப் பார்த்தாள். பீங்கானுக்குக் காமாலை வராது. ஆனால் திரையில் அந்தப் பல்லும் பச்சையாக இருந்தது.

விளக்கை அணைத்தாள். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு, யாரோ முகத்திலிருந்து அழுக்குத் துணியை மெல்ல இழுத்தது போலப் பச்சை வடிந்தது. பல் வெளுத்தது. அவள் முகம் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது. போட்டாள்: பச்சை. அணைத்தாள்: முகம். நீலம் வைத்துப் பார்த்தாள்: ஆரஞ்சுப் பழம் மாதிரி ஆனாள். பச்சை வைத்துப் பார்த்தாள்: புதுப்பெண் மாதிரி சிவந்தாள். வாய்விட்டுச் சிரித்தே விட்டாள்.

இத்தனை நாளும் அவள் குழம்பியதற்குக் காரணம் ஒன்றுதான். ரோஸ் வெளிச்சம் பட்டால் முகம் ரோஸாகத்தானே ஆக வேண்டும், பச்சை ஏன் வருகிறது என்று விளக்கைச் சந்தேகப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. ரோஸ் அவள் முகத்தில் படவே இல்லை, பின்சுவரில்தான் பட்டது. ஆனால் போனில் இருக்கும் கேமராவும் அவள் கண்ணைப் போல ஒரு சோம்பேறி. படத்தில் பெரும்பகுதி ரோஸாக இருப்பதைப் பார்த்து, 'சரி, இந்த அறை வெளிச்சமே ரோஸ் போலிருக்கிறது' என்று தானாக முடிவு கட்டி, படம் முழுவதிலிருந்தும் ரோஸைக் கழித்துவிடுகிறது. சுவரில் இருந்தது கூடுதல் ரோஸ். அதில் கொஞ்சம் போனாலும் தெரியாது. முகத்தில் இருந்தது இரத்தத்தின் ரோஸ் மட்டும். அதைக் கழித்தால் மிச்சம் பச்சையும் மஞ்சளும்தான். சாம்பல் துணியைப் பார்த்துக் கண்ணைக் கழுவிக்கொள்ள அவளுக்குத் தெரியும். கேமராவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

எவ்வளவு அழகான விஷயம்! யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். எழுந்த பிறகுதான் யாருமில்லை என்பது ஞாபகம் வந்தது. எதிர் நாற்காலியில் துவைத்த துணி மடிக்காமல் கிடந்தது.

தம்பி கூப்பிடுவான், அவனிடம் சொல்லலாம். சொன்னால் லீவை ரத்து செய்வான், நிம்மதியாக வண்டி ஓட்டுவான். நாளைக்குக் கூப்பிட மாட்டான். நாளை மறுநாளும் மாட்டான். 'அக்கா நல்லாருக்கா' என்று தெரிந்த பிறகு எதற்குக் கூப்பிட வேண்டும்? போன் மறுபடியும் பழையபடி மேசையில் கிடக்கும்.

போன் மணி அடித்தது. கை தானாக நீண்டு விளக்கைப் போட்டது. ரோஸ்.

"அக்கா, இன்னைக்கு இன்னும் மோசமா இருக்கியே!"

"அப்படியா தெரியுது?" என்றாள். தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளும் அப்படியே செய்தாள். அவன் டிப்போ கதை சொன்னான், தூங்கிப்போன பயணி ஒருவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டு அவனையே திட்டிய கதையைச் சொன்னான். வருடக்கணக்காக அவன் அவளிடம் இப்படிப் பேசியதில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே அவன் கண் மட்டும் அவள் முகத்தின் மஞ்சளை அளந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை கூப்பிட்டது அவன் இல்லை, சின்ன மருமகள். அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள் போல; முகம் பாதிதான் தெரிந்தது.

"அத்தை, ரகசியம். அப்பா நேத்து அழுதாரு."

"ஏன்டா கண்ணு?"

"பாட்டியப் பாக்காம விட்ட மாதிரி விட்டுட மாட்டேன்னு அம்மாகிட்ட சொன்னாரு. அத்தை, நீங்க செத்துப் போயிடுவீங்களா?"

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அப்பாகிட்ட போனைக் குடு" என்றாள்.

தம்பி திரையில் வந்தான். சவரம் செய்யாத முகம். "நாளைக்குக் காலையில அங்க இருப்பேன். துணிமணி எடுத்து வெச்சியா?"

"வெக்கல. என் மூஞ்சிய நல்லாப் பாரு. கண்ணை எடுக்காதே."

அலமாரியிலிருந்து விளக்கை எடுத்தாள். பிடியைப் பிடித்து மேசையைச் சுற்றிக் கொண்டுவந்து, போனுக்குப் பின்னால் வைத்தாள். ரோஸை மாற்றி வெள்ளை வைத்தாள். அவள் பின்னால் சுவர் வெறும் சுவரானது. ஒரு நொடி, இரண்டு நொடி. பச்சை வடிந்தது.

தம்பி வாயைத் திறந்தபடி பார்த்தான். "என்ன பண்ணின?"

சொன்னாள். கேமராவின் சோம்பேறித்தனம், கழித்தல் கணக்கு, கிளினிக்கின் ஈறு, பச்சை விளக்கில் புதுப்பெண் ஆனது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். நம்பாதவனுக்காக விளக்கை மறுபடி பின்னால் கொண்டுபோய் ரோஸ் வைத்து நோயாளியாகி, திரும்ப முன்னால் கொண்டுவந்து குணமாகிக் காட்டினாள். மருமகள், "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று குதித்தாள்.

"அடப்பாவி விளக்கே" என்று அவன் நாற்காலியில் சரிந்தான். சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்புறம், "எப்பக் கண்டுபிடிச்ச?" என்றான்.

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டு நாள் ஆச்சு."

"ரெண்டு நாளா? தெரிஞ்சும் ஏன் சொல்லல? நான் இங்க எப்படித் துடிச்சேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். சொன்னா நீ கூப்பிட மாட்டியோன்னுதான் சொல்லல."

அவன் கோபம் வாய்க்குள்ளேயே நின்றது. மருமகள் இரண்டு பேர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"லூசு" என்றான் கடைசியில், மெதுவாக. "இதை வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே. எனக்கு மட்டும் டிப்போவுல யாரு இருக்கா? டீயும் நானும்தான்."

"இப்பக் கேக்கறேன்."

"சரி. நாளைக்கு வரேன், ஆனா கூட்டிட்டுப் போக இல்ல. பிள்ளைங்களோட சும்மா வரேன். திங்கள்லேர்ந்து டீ நேரத்துக்குக் கூப்பிடறேன். நான் மறந்தா நீ கூப்பிடு."

போனை வைத்த பிறகு மெழுகுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். விளக்கு வாங்கலாம், எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் தன்னிடம் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். கிளினிக்குக்கும் ஒன்று: படம் எடுக்கும்போது கலர் விளக்கை அணைக்கவும், மாதிரிப் பல்லைக் கட்டாயம் சேர்த்துப் பிடிக்கவும், இந்தக் கேப்பைத் தானே திரும்பச் செய்து தருவதாகவும்.

பிறகு சாப்பாட்டு மேசையைச் சரிசெய்தாள். பின்சுவரில் நிறம் எதுவும் இல்லை. போன் நடுவில், விளக்கு போனுக்குப் பின்னால், முகத்தைப் பார்த்து, வெள்ளையில். டீ நேரத்துக்குத் தம்பி கூப்பிடுவான். கூப்பிடாவிட்டால் அவள் கூப்பிடுவாள்.